கையிருப்பு லாபம் அல்ல
(புதுக்கோட்டையில் வணிகவியல் முதலாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் அறிவியல் பிரிவிலிருந்து வந்து, முதல் பருவத்திலேயே நிதிநிலைக் கணக்கியல் தாளைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரு தரப்பாருக்கும் தொடக்கத்தில் வருகிற தொல்லை ஒன்றுதான். விதிகளை மனப்பாடம் செய்கிறீர்கள். பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. மூன்றும் சரியான விதிகள்தான். ஆனால் எந்தக் கேள்விக்கு விடையாக இவை பிறந்தன என்பது தெரியாமல் படித்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டிப் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். சாலையோரம் முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பைப் பொட்டலம் போட்டு விற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சொந்தச் சேமிப்பு 25,000 ரூபாய். மகளிர் குழுவில் வாங்கிய கடன் 15,000. ஆக 40,000. அதில் வறுக்கும் சட்டி, தட்டுமுட்டுச் சாமான் 8,000. கொட்டை வாங்கியது 30,000. விறகுக்கும் உடைக்கிற கூலிக்கும் 2,000. கையிருப்பு தீர்ந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் 36,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். அதில் 30,000 ரொக்கம், 6,000 டவுனில் ஒரு பலகாரக் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி. வீட்டுச் செலவுக்கு 3,000 எடுத்துக்கொண்டார். 6,000 ரூபாய் அடக்கவிலையுள்ள கொட்டை இன்னும் மூட்டையில் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் 27,000.

லாபமா, நட்டமா?

போட்டது 40,000, கையில் 27,000, ஆகவே 13,000 நட்டம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். நான் போட்டது 25,000தானே, 27,000 இருக்கிறதே, 2,000 லாபம் என்று அந்த அம்மா சொல்வார். இரண்டும் தவறு. விற்ற கொட்டையின் அடக்கம் 24,000. விறகும் கூலியும் 2,000. சட்டி நாற்பது மாதம் உழைக்கும் என்றால் இந்த மாதத் தேய்மானம் 200. குழுக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 150. இன்னும் கொடுக்கவில்லை, ஆனாலும் இந்த மாதத்துச் செலவு அது. 36,000இலிருந்து இவற்றைக் கழித்தால் லாபம் 9,650 ரூபாய்.

இதை எப்படி நம்புவது? இன்னொரு வழியாகப் போய்ப் பார்க்கிறோம். அவரிடம் என்னென்ன இருக்கிறது? ரொக்கம் 27,000, மூட்டையில் கொட்டை 6,000, வர வேண்டிய பாக்கி 6,000, தேய்மானம் போகச் சட்டி 7,800. மொத்தம் 46,800. அது யாருக்குச் சேர வேண்டியது? குழுவுக்குக் கடனும் வட்டியும் 15,150. மீதி 31,650 அவருடையது. அவர் போட்ட 25,000உடன் லாபம் 9,650ஐக் கூட்டி, வீட்டுக்கு எடுத்த 3,000ஐக் கழித்துப் பாருங்கள். அதே 31,650. வெவ்வேறு வழியில் போன இரண்டு கணக்குகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. முதல் பருவத்தில் நீங்கள் படிக்கப்போகும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு எல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே போய் நிற்கிறது என்ற இரண்டையும் எழுதிவைத்தால் மட்டுமே லாபம் எது, கையிருப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியும். அந்த அம்மா கையில் இருக்கும் 27,000 முழுவதையும் தன் சம்பாத்தியம் என்று நினைத்துச் செலவழித்தால், அடுத்த மாதம் கொட்டை வாங்கப் பணம் இருக்காது, குழுவுக்குத் தவணையும் கட்ட முடியாது. நன்றாக விற்கிற கடைகள் மூடப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் வேறு, அதிலிருந்து வரும் பயன் வேறு. இந்த அறிவு நமக்குப் புதிதாக வந்ததல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்த செய்திகள் ஏராளம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்; அதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 96 ஆட்டுக்கு 48 பசு, 16 எருமை என்று ஈடு கட்டியிருக்கின்றன. அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா? ஒவ்வொரு ஆடும் சாகும். ஆனால் மந்தை 96க்குக் குறையக்கூடாது. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து எண்ணிக்கையை நிரப்புவது ஆட்டைப் பொறுப்பேற்றவரின் கடமை. முதல் குறையாமல் பார்த்துக்கொண்ட பிறகு வருவதே பயன் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. தேய்மானம் என்ற அத்தியாயம் கடினம் என்று சொல்கிற மாணவர்களிடம் நான் இந்த ஆட்டு மந்தையைத்தான் காட்டுவேன். நம் வட்டாரக் கோயில்களிலும் விளக்குக்கு ஆடும் பொன்னும் நிலமும் கொடுத்த கல்வெட்டுகள் உண்டு. 1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானமே கல்வெட்டு மூலங்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. நூலகத்தில் ஒரு மணி நேரம் அதைப் புரட்டுங்கள். கல்லில் வெட்டிய அறக்கட்டளைக் கணக்குகளாகவே அவற்றை வாசிக்கலாம்.

இதை நம் காலத்தில் வைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. விழுந்த மரத்தை வந்த விலைக்கு விற்றவர்களுக்குச் சில ஆயிரங்கள் கிடைத்திருக்கும். அது வருமானமா? தேங்காய் விற்ற பணம் வருமானம். மரத்தையே விற்ற பணம், அழிந்துபோன முதலில் மிஞ்சிய துண்டு. கன்று வைத்துக் காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் தண்ணீரும் எருவும் காவலுமாகப் போட்டது எல்லாம் முதலினச் செலவு. நம் குடியானவர்களில் பெரும்பாலோர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாததால் எவ்வளவு இழந்தோம் என்று அவர்களால் ஆதாரத்தோடு சொல்ல முடியவில்லை. நிவாரணத்துக்கு மரத்தை எண்ணினார்கள். மரத்துக்குள் போன உழைப்பையும் பணத்தையும் எண்ண ஒரு காகிதம்கூட இல்லை. வணிகவியல் படிக்கும் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு விவசாயக் குடும்பத்திலும் இனியாவது தோப்புக்கென்று ஒரு பேரேடு இருக்க வேண்டும்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். கணக்கு யாருக்காக எழுதப்படுகிறது? எழுதுபவருக்காக என்றால் ஞாபகமே போதும். அங்கே இல்லாத ஒருவருக்காக எழுதும்போதுதான் முறை வேண்டியிருக்கிறது.

இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ராங்கியம், ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி என்று நகரத்தார் ஊர்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பெரிய வீடுகளைத் திருமண வீடியோ எடுக்கும் இடமாக மட்டும் பார்க்கிறோம். அவற்றைக் கட்டிய பணம் ரங்கூனிலும் பினாங்கிலும் மேடானிலும் சைகோனிலும் சம்பாதித்தது. முதலாளி இங்கே ஊரில் இருப்பார். வட்டிக்கடை கடலுக்கு அப்பால் இருக்கும். அதை நடத்துபவர் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிப் போன ஏஜெண்டு. அவர் கடை முதலாளி முகத்தைப் பார்ப்பது தவணை முடிந்து திரும்பும்போதுதான். அந்த இடைவெளியில் நம்பிக்கையைத் தாங்கி நின்றது கணக்கு. அன்றாடம் எழுதும் குறிப்பு, அதிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதும் பேரேடு, கடைசியில் எல்லாம் சேர்த்து நிறுத்தும் ஐந்தொகை. பெயர்களைக் கவனித்தீர்களா? உங்கள் பாடநூலில் உள்ள வரிசைதான். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு கணக்குகளைத் தொட்டாக வேண்டும் என்ற முறைதான். வெனிஸ் நகர வணிகர்களின் முறையை 1494இல் லூக்கா பாசியோலி என்ற துறவி அச்சில் விளக்கி எழுதினார். கணக்கியல் வரலாறு அவரோடு தொடங்குவதாக உங்கள் புத்தகம் சொல்லும். அவரும் கண்டுபிடித்தவர் அல்ல, வணிகர்களிடம் இருந்ததை எழுதியவர். நம் ஊரில் எழுதிவைக்க ஒரு பாசியோலி வரவில்லை.

அந்தக் கடைகள் எப்படிக் கற்றுக்கொடுத்தன என்பதுதான் எனக்கு மிக முக்கியம். சிறுவனாகப் போகிறவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்வான், கடையைப் பெருக்குவான், கணக்கை நகல் எடுப்பான். ஆண்டுகள் போக அடுத்தாள் ஆவான். பிறகு மேலாள் ஆவான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் பரிச்சயமாக இருக்கும். அவரே மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். பையன் கப்பல் ஏறும் முன்பே எண்சுவடியை மனத்தில் ஏற்றியிருப்பான். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரிவரை போவான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நம் சமஸ்தானத்தில் புழங்கிய அம்மன் காசும் ஒரு ரூபாய்க்கு 320தான், அணாவுக்கு 20. ஆக, வாய்ப்பாட்டின் முந்திரி இங்கே ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் செப்புக் காசாகவே இருந்தது. நாள்வாரி வட்டியை மனக்கணக்காகப் போட்ட தலைமுறை அது. அந்த வட்டி விகிதத்தையும் தனியாள் தீர்மானிக்கவில்லை. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மாவின் குடியானவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. கடன் கணக்கு தீர்ந்து நிலக் கணக்கில் அதே தொகை ஏறியிருக்கும். ஐந்தொகை சரியாக நின்றிருக்கும். ஆனால் விற்க முடியாத நிலம் அது. ஏட்டில் இருந்த மதிப்பு வெளியே இல்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் நடந்தே இந்தியா திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. அந்த ஏடுகளில் எங்கும் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்தின் கதை இல்லை. இருக்கவும் முடியாது. பணத்தால் அளக்கக்கூடியதை மட்டுமே பதிய வேண்டும் என்ற பண அளவீட்டுக் கருத்தை முதல் அலகில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படிப்பீர்கள். இரண்டு மதிப்பெண்ணில் அடங்குகிற விஷயம் இல்லை அது. சரியாக நின்ற கணக்கு நியாயமாக நடந்த காரியம் என்று பொருள்படாது. கணக்கு எழுதக் கற்கிற நாளிலேயே இதையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மன்னராட்சிக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது. 1878இல் இங்கே திவானாக வந்த சேஷையா சாஸ்திரியாரைப் பற்றிச் சொல்லும்போது குளம், சாலை, திட்டமிட்ட நகரம் என்று பேசுவோம். அவர் ஒழித்த அமானி முறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. விளைச்சலில் பங்கை அரசு தானியமாகவே வாங்கிக்கொள்ளும் முறை அது. களத்துமேட்டில் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு அளந்தார்கள், களஞ்சியத்துக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைச் சரிபார்க்க வழியில்லாத இடத்தில் குடியானவருக்கும் நிம்மதி இல்லை, அரசுக்கும் வருவாய் இல்லை. நிலவரியைப் பணமாக நிர்ணயித்தது கணக்கைச் சரிபார்க்கக்கூடியதாக்கிய சீர்திருத்தம்.

சரிபார்த்தல் என்றதும் உங்கள் பாடத்தில் எல்லோரும் சலித்துக்கொள்கிற ஒரு பகுதி நினைவுக்கு வருகிறது. வங்கிச் சரிகட்டும் பட்டியல். நம் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு ஒன்று சொல்லும், வங்கியின் பாஸ்புத்தகம் வேறொன்று சொல்லும். நாம் கொடுத்த காசோலை இன்னும் பணமாக்கப்படாமல் இருக்கலாம். வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறாமல் இருக்கலாம். வேறுபாட்டை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து இரண்டையும் இணங்கவைக்கிறோம். இயந்திரத்தனமான வேலை என்றுதான் தோன்றும். 2009 ஜனவரி 7ஆம் தேதி ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை எடுத்துப் படியுங்கள். புத்தகத்தில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். சிக்கலான கணிதம் எதுவும் அதில் இல்லை. வங்கியின் ஏட்டையும் நிறுவனத்தின் ஏட்டையும் நேர்மையாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும், நீங்கள் முதல் பருவத்தில் படிக்கும் அந்த வேலைதான் அங்கே நடக்கவில்லை. இருபது மதிப்பெண் கணக்காக மட்டும் அதைப் பார்க்காதீர்கள்.

திருத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிழையாக எழுதியதை அழிக்கக்கூடாது. அதைத் திருத்தும் பதிவை இன்னொன்றாக எழுத வேண்டும். பிழைத்திருத்தம் என்ற அத்தியாயம் இருப்பதே அதனால்தான். கணினியில் எழுதத் தொடங்கிய பிறகு அழிப்பது எளிதாகிவிட்டது. அதனால் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் நிலைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. டாலி பயிற்சிக்குப் போகிறவர்கள் முதலில் அந்த வசதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இனி எனக்கு மிக நெருக்கமான செய்தி. 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதை நாடே பேசியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே காலத்தில் கல்குவாரிகளில் கொத்தடிமைபோல் கல் உடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். அதற்குமுன் அவர்கள் வாங்கிய முன்பணம் எவ்வளவு, உழைத்துக் கழித்தது எவ்வளவு என்பது யாருடைய நோட்டில் இருந்தது? கடன் கொடுத்தவருடைய நோட்டில் மட்டும். ஒரு பக்கம் மட்டுமே எழுதிய கணக்கு அது. மறுபக்கத்தை எழுத வேண்டியவருக்கு எழுதத் தெரியாது. எழுத்தறிவோடு எண்ணறிவும் வந்தபோதுதான் அவரிடமும் ஒரு நோட்டு வந்தது. இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. இரட்டைப் பதிவு என்று நாம் படிப்பதன் சமூகப் பயனை எனக்கு விளக்கியவை எந்தக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பும் அல்ல. இந்தப் பெண்களின் நோட்டுகள்தான். இன்று ஊர்தோறும் இருக்கிற மகளிர் குழுக்களில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று எழுதிக்கொண்டிருப்பவர்களில் உங்கள் அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

இங்கே ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'பின்வரும் விவரங்களிலிருந்து இறுதிக் கணக்குத் தயாரிக்க' என்று தொடங்கும் கணக்குகளில் எல்லாத் தொகையும் ஏற்கெனவே துப்புரவாக்கித் தரப்பட்டிருக்கும். நிஜக் கடையில் அப்படி யாரும் தர மாட்டார்கள். துண்டுச் சீட்டும், காலண்டர் தாளில் குறித்த பாக்கியும், கைப்பேசியில் வந்த ஜிபே செய்தியும்தான் கிடைக்கும். முழுமையற்ற பதிவேடுகள் என்று பாடத்திட்டத்தில் பின்னால் வருகிற பகுதிதான் நம் மாவட்டத்தின் பெரும்பாலான தொழில்களின் உண்மை நிலை. அதைக் கடைசியில் அவசரமாக முடிக்காமல் முதலிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு நிஜத் தொழிலைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதக் கணக்கை எழுத வேண்டும். டீக்கடையாக இருக்கலாம், கீரமங்கலத்துப் பூ வியாபாரமாக இருக்கலாம், கோட்டைப்பட்டினத்தில் உங்கள் சித்தப்பா வைத்திருக்கும் படகாக இருக்கலாம். படகை எடுப்பவர்கள் டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு, வலையின் தேய்மானம் நான்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள். பங்குக் கூலியைச் செலவாகக் காட்டுவதா, லாபப் பகிர்வாகக் காட்டுவதா என்று வகுப்பில் விவாதியுங்கள். வீட்டுக்கு எடுத்த பணத்தைச் செலவில் சேர்க்காதீர்கள், எடுப்பில் காட்டுங்கள். தொழில் நடத்துபவர் அனுமதி தந்தால் மட்டும் எழுதுங்கள். அவர் கணக்கை வெளியே பேசாதீர்கள். இருப்பாய்வு நிற்கவில்லை என்றால் வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள், பிழை கிடைக்கும்வரை தேடுங்கள். மாதம் முடிந்ததும் அந்தக் கடைக்காரரிடம் உட்கார்ந்து லாபம் எவ்வளவு, ஏன் அது அவர் கையில் பணமாக இல்லை என்று தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி விளக்குங்கள். அவர் மறுத்துக் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். மதிப்பெண் அந்தக் கேள்விகளுக்கும் உண்டு என்று உங்கள் துறைத்தலைவர் இப்போது தலையசைக்கிறார்.

ஆதனக்கோட்டைக் கணக்கைப் பலகையில் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் பலகாரக் கடைக்காரர் பாக்கியில் 2,000 ரூபாயைத் தர முடியாது என்று சொல்லிவிட்டால் எந்தெந்தத் தொகை மாறும் என்று கணக்கிட்டுக்கொண்டே உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.